பதினான்கு வாளி மழை

ரான்னி கவ்லண்டின் கார் ஷெட் கூரைமேல் அறுபத்திரண்டு வருஷமாக மழை பெய்துகொண்டிருந்தது. அது மழைதான் என்பதில் ஹேக்வொர்த் ஊரில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. காற்றோடு வரும், ஓட்டுச் சரிவில் உருளும், பக்கத்து வீட்டு மாரிஸ் டீஸ்டேலின் லீக் செடிப் பாத்தியில் சொட்டும், மண்ணுக்குள் போய்விடும். ஷெட்டில் கார் நின்ற காலமெல்லாம் அது வெறும் மழை. அங்கே காரை எடுத்துவிட்டு ஒரு கட்டிலைப் போடுவது என்று ரான்னி முடிவுசெய்த நாளிலிருந்து அது 'குடியிருப்புக் கூரையின் நீர் வெளியேற்றம்' ஆகிவிட்டது. நகர மன்றத்திலிருந்து வந்த கடிதத்தில் அப்படித்தான் இருந்தது.

கட்டில் மனைவி ஆட்ரிக்காக. பிப்ரவரியில் அவளுக்குப் பக்கவாதம். இடது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சில் பாதி போய்விட்டது. ரான்னியின் வீடு சுரங்கக் கம்பெனி ஒரு காலத்தில் வரிசையாகக் கட்டிக்கொடுத்த வீடுகளில் ஒன்று. படுக்கையறை மாடியில். மாடிப்படி ஏணிக்குத் தங்கச்சி. கீழே ஒரு அறை இருந்தால்தான் அவளை வீட்டுக்கு அழைத்து வரமுடியும். ரான்னி இருபத்திரண்டு வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர் இறைத்தவர், அதை மூடிய பிறகு இருபது வருஷம் ரோட்டுக்குத் தார் போட்டவர். எழுபது வயதில் முட்டியில் துணியைச் சுற்றிக்கொண்டு, மே மாதம் தொடங்கி ஜூன் முடிவதற்குள் தரை, சுவர்ப் பூச்சு, ஜன்னல், சக்கர நாற்காலி நுழையும் கதவு எல்லாவற்றையும் தன் கையாலேயே முடித்துவிட்டார். காரையும் விற்றாயிற்று. பாக்கி இருந்தது ஒரு காகிதம். கட்டடப் பிரிவு தரவேண்டிய முடிவுச் சான்றிதழ்.

"பேப்பர் இல்லாத ரூமுக்கு நாங்க ஆளை அனுப்ப முடியாது கண்ணு" என்றாள் ஜில்லியன். ஆட்ரி படுத்திருந்த சிகிச்சை விடுதியில், தேறியவர்களை வீட்டுக்கு அனுப்பும் வேலை அவளுடையது. ரான்னியைவிட முப்பது வயது இளையவள். அந்தப் பக்கத்தில் எல்லாரும் எல்லாருக்கும் கண்ணுதான். "செப்டம்பர் முப்பது வரைக்கும் இந்தப் படுக்கை. அப்புறம் வேற ஆளுக்கு. கடலோரமா ஒரு நிரந்தர இல்லத்துல இடம் சொல்லி வச்சிருக்கேன். நல்ல இடம். கடல் தெரியும்."

"எவ்ளோ தூரம்?"

"நாப்பத்தஞ்சு மைல். மூணு பஸ் மாறணும்."

"அவளுக்குக் கடல் பிடிக்காதே."

"கடல் பக்கம் ஜன்னல் வேணாம்னு எழுதிக்கறேன்" என்று ஜில்லியன் எழுதிக்கொண்டாள்.

கட்டடப் பிரிவிலிருந்து வந்தவர் பெயர் ப்ளென்கின்சாப். முப்பத்து நான்கு வயது. மஞ்சள் சட்டை, தலையில் கவசம். ஷெட்டின் உயரம் எட்டடி. சுவரைத் தட்டினார், தரையில் மட்டப்பலகை வைத்தார், ஜன்னலைத் திறந்து மூடினார். "வேலை சுத்தம். இப்படி ஒரு பூச்சை நான் பாத்ததே இல்ல" என்றார். பிறகு வெளியே போய் மேலே பார்த்தார். அதோடு நல்ல காலம் முடிந்தது.

"இந்தத் தண்ணி எங்க போகுது?"

"கீழ."

"கீழன்னா?"

"தம்பி, பூமிக்கு ஆயிரம் அடி அடியில இருபத்திரண்டு வருஷம் தண்ணி இறைச்சவன் நான். தண்ணி கீழதான் போகும். மேல போகணும்னாத்தான் அதுக்கு ஆள் வேணும்."

ப்ளென்கின்சாப் சிரிக்கவில்லை. ஷெட்டின் சுவர் எல்லைக்கோட்டின் மேலேயே நிற்பதையும், கூரை நாலு அங்குலம் அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதையும் அளந்து எழுதினார். "அங்க விழுந்தா அது அத்துமீறல். நீங்க இன்னொருத்தர் நிலத்துல தண்ணிய அத்துமீற விடறீங்க."

எல்லைச் சுவர் ஷெட்டைத் தாண்டியதும் இடுப்பளவுக்கு இறங்கிவிடும். அங்கே மாரிஸ் தன் தொப்பியோடு எழுந்து நின்றார். அவ்வளவு நேரம் குனிந்து களை பிடுங்குவதாகப் பாவனை. மாரிஸும் ரான்னியும் சுரங்கத்தில் ஒரே ஷிப்ட்.

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா. விழட்டும். என் லீக் அதுலதான் வளருது."

"நீங்க ஆட்சேபிக்கல, சரி" என்றார் ப்ளென்கின்சாப். "நாளைக்கு நீங்க செத்துப்போயிட்டா?"

"செத்தப்புறமும் எனக்கு ஆட்சேபணை இருக்காது."

"உங்களுக்கு அப்புறம் இந்த வீட்ட ஒருத்தர் வாங்குவாரு இல்லியா? அவர் யாருன்னு நமக்குத் தெரியாது. இப்படி ஒரு ஆபத்து காத்திருக்குன்னு அவருக்கும் தெரியாது. இன்னிக்கு இருக்கறவங்க தங்களைத் தாங்களே பாத்துக்குவாங்க. இன்னும் வராதவரை யார் பாத்துப்பா? எங்க துறையே அவருக்காகத்தான் இருக்கு." சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. வராத அந்த மனிதர்மேல் அவருக்கு உண்மையிலேயே பாசம் இருந்தது.

ரான்னி மறுநாளே ஏணி போட்டு ஏறினார். கூரை விளிம்பை நாலு அங்குலம் வெட்டி, சுவரின் தலைமேலேயே மழைநீர் ஓடும் ஒரு தகரப் பீலியைப் பதித்து, கூரைத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட அந்தப் பக்கம் போகாமல் தன் முற்றத்துக் குழாயில் இறங்கும்படி செய்தார். நாலு நாள் வேலை. ஐந்தாம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது.

ப்ளென்கின்சாப் மூன்று வாரம் கழித்து வந்து பார்த்தார். "பீலி பிரமாதம். இப்ப பீலியிலிருந்து எங்க?"

தெருச் சாக்கடையில் விடலாம் என்றால் தண்ணீர்க் கம்பெனி மாட்டேன் என்றது. மழை பெய்தால் அது நிறைந்துவிடுகிறதாம், ஆகவே மழைத்தண்ணீரை மட்டும் ஏற்பதில்லை. உறிஞ்சுகுழி தோண்டலாம் என்றால், எந்தக் கட்டடத்துக்கும் ஐந்து மீட்டர் தள்ளித்தான் குழி இருக்கவேண்டும். ரான்னியின் முற்றமே நாலரை மீட்டர். ப்ளென்கின்சாப் ஊர் வரைபடத்தைச் சமையலறை மேசையில் விரித்தார். கவராயத்தை எடுத்து ஒவ்வொரு வீட்டையும் சுற்றி ஒரு வட்டம் போட்டார். டீ ஆறியது. நாற்பது நிமிஷத்துக்குப் பிறகு எந்த வட்டத்துக்குள்ளும் வராத ஒரு புள்ளி கிடைத்தது. தெருவுக்கு அந்தப் பக்கம், பஸ் வந்து நிற்கும் இடத்தின் நடுவில்.

"அங்க தோண்டலாமா?" என்றார் ரான்னி.

"சேச்சே, அது சாலைத்துறை. கேட்டாலே கோபப்படுவாங்க." ப்ளென்கின்சாப் புள்ளியைப் பென்சிலால் அழுத்தினார். "ஆனா அளவு பாருங்க, கச்சிதமா இருக்கு."

இந்த நேரத்தில்தான் மாரிஸ் உதவி செய்தார்.

லீக் என்பது வெங்காயத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன். மற்ற ஊர்களில் அதைச் சூப்பில் போடுவார்கள். ஹேக்வொர்த்தில் அதைக் குழந்தைபோல வளர்த்து, செப்டம்பரில் கிளப்பில் நடக்கும் போட்டிக்குக் கொண்டுபோவார்கள். போட்டிக்கு முந்தின வாரம் ஆண்கள் பாத்திக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் காவல் இருப்பார்கள். அப்படிப்பட்ட ஊர்க்காரர் லீக்கைப் பற்றிப் பேசாமல் ஒரு கடிதம் எழுத முடியாது. இரங்கல் கடிதத்திலேயே நாலு வரி வந்துவிடும். மாரிஸ் நகர மன்றத்துக்கு எழுதியது சம்மதக் கடிதம். முதல் வரியில் சம்மதம் சொல்லிவிட்டார். மீதி மூன்று பக்கமும் லீக். ரான்னியின் கூரைத் தண்ணீர் பட்டுப்பட்டுத்தான் தன் லீக் ஊரிலேயே பெரிதாக வருகிறது என்றும், அந்த ரகசியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்றும் எழுதி, பதினான்கு வருஷத்துக்கு முன் முதல் பரிசு வாங்கிய லீக்கைத் தோளில் சாய்த்துப் பிடித்திருக்கும் படத்தையும் வைத்து அனுப்பினார்.

சட்டப் பிரிவு பதினோரு நாளில் பதில் எழுதியது. அந்தப் பிரிவின் வரலாற்றில் அது ஒரு வேகம். மிஸ்டர் டீஸ்டேல் அறுபது வருஷத்துக்கு மேலாக அந்த நீரை அனுபவித்து வந்திருப்பதால் அவருக்கு அதில் உரிமை உண்டாகிவிட்டது. இணைத்திருக்கும் காய்கறியே சாட்சி. பீலி வைத்து அந்த நீரைத் தடுத்தது அவருக்கு இழைக்கப்பட்ட தீங்கு. ஆகவே நீர் அவர் நிலத்தில் விழவும் கூடாது, விழாமல் இருக்கவும் கூடாது.

ரான்னி கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் போனார்.

"யோவ் மாரிஸ், என்னய்யா எழுதித் தொலைச்ச?"

"சம்மதம்னுதான் எழுதினேன் கூட்டாளி."

"போட்டோ எதுக்கு?"

மாரிஸ் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார். "நல்லா வந்திருந்துது அது. பாத்தா சந்தோஷப்படுவாங்கன்னு நெனச்சேன்."

அவரிடம் கோபித்துப் பயனில்லை. ரான்னி உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார்.

ஆகஸ்டில் இன்னொரு பரிசோதனை. பீலியில் நீர் ஒழுங்காக ஓடுவதை அதிகாரி நேரில் பார்த்தாக வேண்டும். மூன்று முறை நாள் குறித்தார்கள். மூன்று முறையும் மழை பெய்தது. மழை பெய்தால் ஈரத்தில் ஏணி வைக்கக்கூடாது என்பது பாதுகாப்பு விதி, ஆகவே மூன்று முறையும் ரத்து. நாலாம் முறை நல்ல வெயில். ப்ளென்கின்சாப் ஏணிமேல் நின்று உலர்ந்த பீலியை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நீர் ஓட்டம் காணப்படவில்லை" என்று எழுதினார். ரான்னி தோட்டக் குழாயை இழுத்துவந்து கூரையில் பீய்ச்சினார். பீலியில் தண்ணீர் அழகாக ஓடியது.

"இது குழாய்த் தண்ணி" என்றார் ப்ளென்கின்சாப் வருத்தத்தோடு. "இது எப்படி நடந்துக்கும்னு எனக்குத் தெரியும். மழைத்தண்ணி எப்படி நடந்துக்கும்னு யார் சொல்ல முடியும்?"

ஞாயிறுதோறும் ரான்னி இரண்டு பஸ் பிடித்து ஆட்ரியைப் பார்க்கப் போவார். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண், முழு வாக்கியமாகப் பேச வையுங்கள் என்று சொல்லியிருந்தாள். ஆட்ரிக்கு ஒரு வார்த்தைக்கு மேல் வருவதில்லை.

"எப்ப?" என்பாள், வாயின் வலது பாதியால்.

"சீக்கிரம். தண்ணி விஷயமா ஒரு சின்ன இது."

"ஒழுகுதா?"

"இல்ல. ஒழுகினா சரி பண்ணிடுவேனே."

அவள் நல்ல கையால் அவர் விரலைப் பிடித்துக்கொள்வாள். தாரும் சுண்ணாம்பும் ஏறிய விரல். பார்வை நேரம் முடிந்து மணியடித்தால் எழுந்து வரவேண்டும். திரும்பும் பஸ்ஸில் அவர் ஜன்னல் வழியாக ஒவ்வொரு வீட்டுக் கூரையாகப் பார்த்துக்கொண்டு வருவார். எல்லாக் கூரையிலும் தண்ணீர் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. யாரும் அதை எங்கே போகிறாய் என்று கேட்டதாகத் தெரியவில்லை.

கடைசியில் விவகாரம் மேற்பரப்பு நீர்க் குழுவின் முன்னால் வந்தது. செப்டம்பர் இருபத்து நாலு. நகர மன்றத்தின் மாடியில் பெரிய கூடம், நீள மேசை, ஏழு பேர். தலைவர் டெஸ்மண்ட் ஹார்பாட்டில், கழுத்தில் சங்கிலி. ரான்னி கல்யாணத்துக்கும் சாவுக்கும் போடும் ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் மாரிஸ். தப்பைத் திருத்தத்தான் வந்தேன் என்றார். ஆனால் அவர் கோட்டுப்பையில் அந்தப் போட்டோ இருந்தது.

வெளியே நல்ல மழை.

"நண்பர்களே" என்று ஹார்பாட்டில் எழுந்தார். "இந்தக் குழு தொடங்கிப் பதினோரு வருஷம் ஆகுது. நாங்க என்ன சாதிச்சோம்னு சிலர் கேக்கறாங்க. பெருமையா சொல்றேன். பதினோரு வருஷத்துல ஒரே ஒரு கூரைக்குக்கூட நாங்க அனுமதி கொடுத்தது கிடையாது. அதனால எங்க அனுமதியோட ஒரு சொட்டுத் தண்ணிகூட தப்பான இடத்துக்குப் போனது கிடையாது. இந்தச் சாதனை வேற எந்த ஊர்லயாவது இருக்கா?"

ஆறு பேர் மேசையைத் தட்டினார்கள். தட்டல் அடங்கியதும் வேறொரு சத்தம் கேட்டது. டொக். டொக். தலைவரின் நாற்காலிக்கு இரண்டடி பின்னால் கூரையிலிருந்து தண்ணீர் ஒரு நீல வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது.

கதவு திறந்து ஒரு அம்மாள் வந்தாள். கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவள், பெயர் விண்ணி. யாரையும் பார்க்காமல் வாளியைத் தூக்கி, காலி வாளியை வைத்து, சுவரில் தொங்கிய நோட்டில் நேரத்தையும் வாளிக் கணக்கையும் குறித்தாள். ஜன்னலைத் திறந்து தண்ணீரைக் கீழே யாருடைய தோட்டத்திலோ ஊற்றினாள். போய்விட்டாள். கூட்டம் மூச்சுவிடாமல் நடந்தது. மேற்பரப்பு நீரின் ஆபத்தைப் பற்றி ஒரு உறுப்பினர் பேசிக்கொண்டிருந்தார்.

ரான்னி கையைத் தூக்கினார்.

"விண்ணப்பதாரர் கேள்வி கேக்கலாம். சுருக்கமா."

"அந்த வாளி எந்த விதியில வருது?"

டொக் என்றது வாளி.

"அது வேற விஷயம்" என்றார் ஹார்பாட்டில். "இந்தக் கட்டடத்துச் சுவர் பக்கத்து பேங்கோட எல்லையில நிக்குது. கூரைத் தண்ணி வடிய வழி வைக்க எங்களுக்கு அனுமதி கிடைக்கல."

"யார் குடுக்கல?"

ஹார்பாட்டில் மேசையோரம் உட்கார்ந்திருந்த ப்ளென்கின்சாப்பைப் பார்த்தார். ப்ளென்கின்சாப் தன் காகிதத்தைப் பார்த்தார். "குழு குடுக்கல" என்றார்.

"அதனால வாளி."

"அத வாளின்னு சொல்லக்கூடாது மிஸ்டர் கவ்லண்ட். கைமுறை நீர் மேலாண்மைத் திட்டம். அதுக்கு நோட்டு இருக்கு, பொறுப்பாளர் இருக்காங்க" என்றார் ஹார்பாட்டில்.

"அந்தம்மா ஜன்னல் வழியா ஊத்தினது பேங்க் தோட்டத்துல."

"குழாய்ல போனா அது வெளியேற்றம்" என்று ப்ளென்கின்சாப் மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னார். அவர் முகம் பிரகாசமாகிக்கொண்டே வந்தது. "கூரையிலிருந்து சொட்டினா அத்துமீறல். ஆனா மனுஷன் கையால எடுத்துக் குடுத்தா... அது அன்பளிப்பு. அன்பளிப்புக்கு விதியே இல்ல."

"அப்ப எனக்கும் அந்தத் திட்டம் குடுங்க" என்றார் ரான்னி. "பீலிக்குக் கீழ ஒரு பீப்பாய் வைக்கிறேன். வாளில மொண்டு இவனுக்குக் குடுக்கிறேன். விழாமலும் இருக்கும், கிடைக்காமலும் இருக்காது. இல்லன்னா அந்த நீல வாளியையும் எடுங்க."

ஹார்பாட்டில் மேலே கூரையைப் பார்த்தார். அதில் ஒரு சொட்டு திரண்டு கனத்துத் தொங்கியது. அவருடைய சாதனை பதினோரு வருஷத்துச் சாதனை. சம்மதம் என்று கையைத் தூக்குவதற்கு அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் வாளியில் ஏழு சொட்டு விழுந்தது. ரான்னி எண்ணினார். சுரங்கத்துப் பழக்கம்.

செப்டம்பர் இருபத்தொன்பதாம் தேதி மாலை சான்றிதழ் வந்தது. அதோடு நிபந்தனைகள். மழை பெய்யும் நேரமெல்லாம், அரைமணிக்கு ஒருமுறை, வீட்டுக்காரர் தன் கையாலேயே பீப்பாயைக் காலிசெய்ய வேண்டும். வாளியைச் சுவர் தாண்டி ஊற்றக்கூடாது, மிஸ்டர் டீஸ்டேலின் கையில் கொடுக்கவேண்டும், அவர் விருப்பத்தோடு வாங்கவேண்டும். நேரம், வாளிக் கணக்கு, குறிப்பு என்று மூன்று பத்தி போட்ட நோட்டில் எழுதி, மாதம் ஒருமுறை அனுப்பவேண்டும். ஆயுள் முழுக்க.

"எத்தன நாள்னு போட்டிருக்கு?" என்று மாரிஸ் கேட்டார்.

"சாகற வரைக்கும்."

"யாரு?"

"அது போடல."

மறுநாள் ஆட்ரி வீட்டுக்கு வந்தாள். சக்கர நாற்காலி கதவில் உரசாமல் நுழைந்தது. அவள் பூச்சை ஒருமுறை வலது கையால் தடவிப் பார்த்தாள். கட்டில் ஜன்னலோரம். இடுப்பளவுச் சுவரும், அதற்கு அப்பால் மாரிஸின் பாத்தியும் அங்கிருந்து தெரியும். அந்த வருஷம் கிளப் போட்டியில் மாரிஸுக்கு ஆறுதல் பரிசுகூட இல்லை. ஜூலை முதல் தண்ணீர் நின்றுபோனதுதான் காரணம் என்று அவர் ஊர் முழுக்கச் சொன்னார். ரகசியம் போய்விட்டது.

மழை அக்டோபர் ஆறாம் தேதி பிடித்துக்கொண்டது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு ரான்னி எண்ணெய்த்துணி மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு போனார். பீப்பாய் தளும்பியது. தரை சரியில்லாத இடம், மொள்ளும்போதெல்லாம் அது ஆடியது. வாளியைத் தூக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் வந்தார். அந்தப் பக்கம் மாரிஸ் நனைந்து நின்றார். கொடுத்தார். மாரிஸ் விருப்பத்தோடு வாங்கினார். வாங்கிப் பாத்தியில் ஊற்றினார். பாத்தியில் ஏற்கெனவே மழை பெய்து தண்ணீர் நின்றுகொண்டிருந்தது.

"இன்னும் எத்தன?" என்றார் மாரிஸ்.

"பேசாத. எண்ணிட்டிருக்கேன்."

பதினாலு வாளி. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, சொட்டச் சொட்ட அவர் உள்ளே வந்தபோது ஆட்ரி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு எதையோ தேடிக்கொண்டிருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தார்.

"ரான்னி" என்றாள். நிறுத்தினாள். ஒவ்வொரு வார்த்தையாக மேலே இறைத்தாள். "சும்மா... விட்டா... அது... தானா... அங்கதான... போகும்."

பிப்ரவரிக்குப் பிறகு அவள் பேசிய முதல் முழு வாக்கியம்.

"ஆமா" என்றார் ரான்னி. "தானாத்தான் போகும்."

நோட்டை எடுத்து எழுதினார். நேரம், நாலு பத்து. வாளி, பதினான்கு. குறிப்பு என்ற பத்தியில் என்ன எழுதவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கொஞ்சநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, 'மனைவி வீட்டில் இருக்கிறாள்' என்று எழுதினார்.

நவம்பரில் நகர மன்றத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அக்டோபர் மாத நோட்டு சரிபார்க்கப்பட்டது. குறிப்புப் பத்தியில் நீர் சம்பந்தப்படாத செய்திகளைத் தவிர்க்கவும்.

நல்ல கனமான காகிதம். ரான்னி அதை நாலாக மடித்து, முற்றத்துக்குப் போய், பீப்பாயைச் சற்றுச் சாய்த்து அடியில் செருகினார். அதற்குப் பிறகு பீப்பாய் ஆடவில்லை.